பட்டப்படிப்பில் தமிழ்: மாணவர் கடக்கும் மூன்று மொழிகள்



தலைநகரிலுள்ள பொதுப் பல்கலைக்கழகத்தில் தமிழைப் பட்டப்படிப்பாக எடுத்துக்கொள்ளும் மாணவரின் அனுபவம் எத்தகையது என்பதை விளக்குமாறு மன்றத்தார் நம்மைப் பணித்தனர். பாடங்கள் எவை, பருவங்கள் எத்தனை, நுழைவுத் தகுதி யாது என்பன போன்ற செய்திகள் பல்கலைக்கழகக் கையேடுகளில் தெளிவாகவே உள்ளன. அவற்றை இங்குத் திரும்பச் சொல்வதனால் பயனில்லை. கையேட்டில் இடம்பெறாத ஒன்றைப் பற்றியே பேச விரும்புகிறோம். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்க விரும்பி வரும் மாணவர் முதற்பருவத்தில் ஏன் வாய் திறவாமல் அமர்ந்திருக்கிறார்? இவ்வினாவிற்கு நாம் நெடுங்காலம் பிழையான விடையையே வைத்திருந்தோம். வகுப்பறை நிகழ்ச்சிகளாக இங்குக் கூறுபவை பல ஆண்டுகளில், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கண்டவை. எந்த ஒரு நிறுவனத்தையும் சுட்டிக் கூறுவன அல்ல.

முதலில் சிறிது வரலாறு. மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தோன்றியது. அங்கே 1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பெற்றது. 1959இல் அத்துறை கோலாலம்பூர் வளாகத்திற்கு இடம்பெயர்ந்தது. அத்துறையில் தமிழ் முதன்மை பெற வேண்டும் என்பதற்காகத் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று இயக்கம் நடத்தினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் திரட்டப்பெற்ற நிதிக்குத் தோட்டத் தொழிலாளர் உள்ளிட்ட எளிய உழைப்பாளர்களும் தம் பங்கை அளித்தனர். 1960களில் துறைத்தலைவராக விளங்கிய தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. இவ்வளவும் அவையோர் அறிந்தவையே. ஆயினும் இதனை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. உயர்கல்வியைக் கனவிலும் கண்டிராத மக்கள் தம் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு பல்கலைக்கழகத்திற்குள் விரைவாக நுழைந்தது. அம்மக்களின் பேச்சு நுழைவதற்குத்தான் காலம் பிடித்தது. அதைப் பின்னர்க் கூறுவோம்.

இனி இன்றைய மாணவரைக் காண்போம். அவர் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்றவர். அதன்பின் மலாய்வழி இடைநிலைப்பள்ளி. அங்கே தமிழுக்குக் கிழமைக்குச் சில பாடவேளைகளே கிடைக்கும்; சில பள்ளிகளில் அதுவும் பள்ளி நேரம் முடிந்த பிறகுதான். எஸ்பிஎம் தேர்விலும், பின்னர் எஸ்டிபிஎம் தேர்விலும் தமிழை எடுத்து எழுதி வருபவர் ஆர்வமும் உழைப்பும் உடையவர் என்பதில் ஐயமில்லை. அவர் பல்கலைக்கழகத்தில் எதிர்பார்த்து வருவது தமிழ் மட்டுமே நிறைந்த ஓர் உலகம். அவர் காண்பதோ வேறு. 1970இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் வகுப்பில் தொடங்கிய பயிற்றுமொழி மாற்றம், ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி 1983இல் பல்கலைக்கழகத்தை எட்டியது. ஆகவே பொதுப் பாடங்களும் நிர்வாகக் கடிதங்களும் மலாய்மொழியில் அமைகின்றன. மொழியியலின் அடிப்படை நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழில் ஆய்வேடு எழுதுபவரும் அதன் சுருக்கத்தை மற்ற இரு மொழிகளிலும் எழுத வேண்டியவராகிறார். காலையில் 'மோர்ஃபெம்' என்று கேட்டதை, நண்பகலில் நூலகத்தில் 'மார்ஃபீம்' என்று படித்து, மாலையில் இடுபணியில் 'உருபன்' என்று எழுதுகிறார். பள்ளியில் கற்ற வேற்றுமை 'உருபு' வேறு, இந்த 'உருபன்' வேறு என்பதை அவருக்கு யாரேனும் ஒருவர் பொறுமையாகச் சொல்ல வேண்டும். பல வேளைகளில் எவரும் சொல்வதில்லை.

இதனால் விளையும் குழப்பத்திற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். 'நடந்தனன்' என்னும் சொல்லைப் பிரிக்கச் சொன்னால் எஸ்டிபிஎம் முடித்த மாணவர் தயங்காமல் பிரிப்பார். நட என்பது பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, இறுதி அன் ஆண்பால் விகுதி. இது நன்னூல் வழி வந்த அறிவு. முதற்பருவத்தில் அவர் மலாய்மொழியின் ஒட்டுகளைப் பற்றிக் கேட்கிறார். அங்கே முன்னொட்டு 'அவாலான்', பின்னொட்டு 'ஆஹிரான்', சொல்லின் நடுவே செருகப்படும் ஒட்டு 'சிசிப்பான்'. உடனே அவர் தம் குறிப்பேட்டில், 'சிசிப்பான் என்பது இடைநிலை' என்று எழுதிக்கொள்கிறார். இரண்டிலும் 'இடை' என்னும் பொருள் தோன்றுகிறதல்லவா? ஆனால் அது பிழை. மலாயில் 'துஞ்சுக்' என்றால் சுட்டுதல்; 'தெலுஞ்சுக்' என்றால் சுட்டுவிரல். இங்கே 'எல்' என்னும் ஒட்டு வேர்ச்சொல்லைப் பிளந்துகொண்டு அதன் உள்ளே புகுகிறது. 'நடந்தனன்' என்பதில் உள்ள காலங்காட்டும் த் அவ்வாறு 'நட' என்பதைப் பிளப்பதில்லை. அது பகுதிக்குப் பின்னும் விகுதிக்கு முன்னும் நிற்கிறது, அவ்வளவே. இன்றைய மொழியியல் நோக்கில் அதுவும் ஒரு பின்னொட்டுத்தான்.

இப்பிழையை நாம் ஆண்டுதோறும் விடைத்தாள்களில் கண்டோம். கவனக்குறைவு என்று கருதி மதிப்பெண்ணைக் குறைத்தோம். அது கவனக்குறைவு அன்று. மாணவர் எவருடைய துணையுமின்றி இரண்டு மொழிகளின் இலக்கணங்களை ஒப்பிட்டுப் பார்க்க முயன்றிருக்கிறார். ஒப்பீடு தவறியது, முயற்சி மொழியியலாருக்கு உரியது. நல்ல விளைவு தரும் ஒப்பீடுகளும் உண்டு. கேட்பவரை உட்படுத்தும் 'நாம்', உட்படுத்தாத 'நாங்கள்' என்னும் வேறுபாட்டை ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு விளக்க ஒரு பாடவேளை வேண்டும். நம் மாணவருக்கு அது ஒரு நொடி. மலாயின் 'கீத்தா', 'காமி' என்பவற்றை அவர் நாள்தோறும் பயன்படுத்துகிறார்.

நகர வாழ்க்கையைப் பற்றியும் ஒரு சொல். மலாயாப் பல்கலைக்கழக வளாகம் கோலாலம்பூரின் பந்தாய்ப் பகுதியில் அமைந்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் தாங்கிய இலகு ரயில் நிலையமோ கூட்டரசு நெடுஞ்சாலைக்கு மறுபுறம் உள்ளது. அங்கிருந்து வளாகத்திற்குப் பேருந்து பிடிக்க வேண்டும். விடுதியில் இடம் கிடைக்காதவர் வெளியே அறை எடுக்கிறார். பிடிபிடிஎன் கடன் அறை வாடகைக்கும் உணவுக்கும் போதாதபோது மாலையில் வீடு வீடாகச் சென்று டியூஷன் கற்பிக்கிறார். எட்டு மணி விரிவுரையில் அவர் கண் அயர்வதற்கு இலக்கணத்தின் கடினம் மட்டும் காரணமன்று. மறுபுறம், நகரம் தரும் கொடையும் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவிலும் மஸ்ஜித் இந்தியா சாலையிலும் ஒரு மணி நேரம் நின்றால் கேட்கக்கூடிய தமிழ் வழக்குகளை எந்தப் பாடநூலும் தருவதில்லை. மாணவர் அமைப்புகளின் பணியும் குறிப்பிடத்தக்கது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்தும் சிறுகதைப் போட்டியும், அதன் வழி வெளிவரும் 'பேரவைக் கதைகள்' தொகுப்பும் நாட்டின் எழுத்தாளர் பலரை அறிமுகப்படுத்தியவை. அவற்றை நடத்திய மாணவர்கள் மெய்ப்புத் திருத்தவும் அச்சகத்தாரிடம் பேசவும் கற்றுக்கொண்டனர். இடுபணிகள் தாமதமானதும் உண்மை. அதை நாம் பெரிதும் பாராட்டியதில்லை. 'தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாய்?' என்னும் உறவினர் கேள்விக்கு 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள், வானொலி, தொலைக்காட்சி, நாளிதழ், மொழிபெயர்ப்பு என மாணவரே விடை வைத்திருக்கிறார். அவ்விடையை நாம் நீட்ட வேண்டியதில்லை.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்குத் திரும்புவோம். ஒலியனியல் வகுப்பு ஒன்றில் தமிழின் பகர ஒலி பற்றி விளக்கிக்கொண்டிருந்தோம். 'பல்' என்பதில் வல்லொலியாகவும், 'தம்பி' என்பதில் மெல்லினத்தை அடுத்து மென்மையாகவும் ஒலித்தாலும், தமிழில் அவை இரண்டும் ஒரே ஒலியன்; மலாயிலோ 'பாகி' என்னும் சொல்லை வன்மையாகத் தொடங்கினால் காலை, மென்மையாகத் தொடங்கினால் கொடு என்று பொருள் மாறுவதால் அவை இரண்டு ஒலியன்கள் என்றோம். அதுவரை பேசாதிருந்த ஒரு மாணவர் பின்வரிசையிலிருந்து கேட்டார்: "ஐயா, எங்கள் ஊரில் 'பாரு' என்று வன்மையாகச் சொன்னால் பார்க்கச் சொல்கிறோம். மென்மையாகச் சொன்னால் மதுக்கடை. அப்படியானால் பேச்சுத் தமிழிலும் அவை இரண்டாகிவிட்டனவா?" வகுப்பு சிரித்தது. அது சிரிக்க வேண்டிய கேள்வி அன்று. கடன்சொற்கள் பெருகும்போது ஒரு மொழியின் ஒலியன் அமைப்பு எவ்வாறு மாறத் தொடங்குகிறது என்பதே அக்கேள்வி. எழுத்துத் தமிழுக்கு ஒரு விடையும் பேச்சுத் தமிழுக்கு வேறொரு விடையும் கூற வேண்டும் என்றோம்.

அதே மாணவர் அடுத்த ஆண்டு சமுதாய மொழியியல் பாடத்திற்கு வந்தார். வீட்டிலுள்ள முதியவர் ஒருவரின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, கேட்டவாறே எழுதி வருமாறு இடுபணி கொடுத்திருந்தோம். அவருடைய பாட்டியார் பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றில் பால்வெட்டுத் தொழில் செய்தவர். மாணவர் அளித்த படியில், 'நாங்கள் அதிகாலையில் எழுந்து ஆள்கணக்கெடுப்பிற்குச் செல்வோம். பின்னர் இரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவுவோம்' என்பது போன்ற, ஒற்றுப்பிழைகூட இல்லாத வாக்கியங்கள் பல பக்கங்கள் இருந்தன. எந்தப் பாட்டியாரும் இவ்வாறு பேசுவதில்லை. இது புனைவு என்று ஓரத்தில் எழுதி, தேர்ச்சிக்குக் கீழான மதிப்பெண் இட்டுத் திருப்பிக் கொடுத்தோம்.

மறுநாள் அவர் நம் அறைக்கு வந்து ஒலிப்பதிவை இயக்கினார். "வெள்ளன எந்திரிச்சு பிரட்டுக்குப் போவோம். அப்புறம் கித்தாக்காட்டுல மரம் வெட்டி, மங்கெல்லாம் தொடச்சு வைப்போம்" என்று பாட்டியாரின் குரல் ஓடிற்று. மாணவர் எதையும் புனையவில்லை. மூன்று இரவுகள் அமர்ந்து பாட்டியாரின் தமிழை எழுத்துத் தமிழாக 'மொழிபெயர்த்திருந்தார்'. ஏன் என்று கேட்டோம். "பல்கலைக்கழகத்திற்குக் கொடுப்பதை எப்படி ஐயா அப்படியே எழுதுவது?" என்றார்.

பள்ளிக்கூடக் கட்டுரைகளில் 'எந்திரிச்சு' என்பதன் மேல் சிவப்பு மை விழுந்த அனுபவம் அவருக்கு இருந்தது. அந்தச் சிவப்பு மைக்கு அங்கே நியாயமும் உண்டு. கட்டுரைக்கு எழுத்து வழக்கே உரியது. ஆனால் எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என்னும் இரட்டை வழக்கில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் உண்டு என்பதை எவரும் அவருக்குக் கூறவில்லை. கூற வேண்டிய நாமும் 'கேட்டவாறே எழுதுக' என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டோம். அதன் விளைவைப் பாருங்கள். 'கித்தா' என்பது மலாய்மொழியின் 'கெத்தா'. இரப்பர் என்று மாற்றியவுடன் மலாயோடு தமிழ் கொண்ட உறவின் தடயம் அழிந்தது. 'பிரட்டு' என்பது 'பரேடு' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். ஆள்கணக்கெடுப்பு என்றவுடன், விடியுமுன் துரையின் முன்னிலையில் வரிசையில் நிற்க வைக்கப்பட்ட வரலாறு மறைந்தது. பால் வடியும் கிண்ணமாகிய 'மங்கு' படியில் இடம்பெறவே இல்லை. 'வெள்ளன' என்னும் நல்ல தமிழ்ச்சொல்லும் உடன் போயிற்று. எந்த மக்கள் காசு கொடுத்துத் தமிழுக்கு இடம் கேட்டனரோ அம்மக்களின் சொற்களை, அவர்களின் பேரப்பிள்ளை தம் கையாலேயே நீக்கிவிட்டு வந்து நின்றார். நீக்காமல் வந்திருந்தால் நாம் ஏற்றிருப்போம் என்பது உண்மை. அதை அவர் அறிந்திருக்க வழியில்லை என்பதும் உண்மை.

மதிப்பெண்ணைத் திருத்தினோம். அடுத்த பருவம் முதல் இடுபணி கொடுக்கும் முறையையும் மாற்றினோம். முதல் இரண்டு வாரங்கள் வகுப்பிலேயே பயிற்சி. அதற்குரிய ஒலிப்பதிவு நம்முடைய பேச்சே. துறை அலுவலகத்தில் நாம் ஒருவரோடு உரையாடியதை, அவர் இசைவோடு பதிவு செய்து வகுப்பில் ஒலிக்கச் செய்தோம். 'அந்த ஃபைல கிராணிகிட்ட குடுத்துட்டேன்லா' என்று மொழியியல் பேராசிரியர் ஒருவர் சொல்வதைக் கேட்டவுடன் வகுப்பின் கூச்சம் பெருமளவு அகன்றது. 'கிராணி' எந்த மொழிச்சொல் என்பதிலேயே அரை மணி நேர விவாதம் நடந்தது. பேசியவர்களுள் அதுவரை நாம் குரலே கேட்டிராத நால்வர் இருந்தனர்.

மாணவர்கள் இப்போது நான்கு பத்திகள் கொண்ட குறிப்பேடு வைத்துக்கொள்கின்றனர். முதல் மூன்றில் ஒரு கலைச்சொல்லின் தமிழ், மலாய், ஆங்கில வடிவங்கள். நான்காவதில் அக்கருத்துக்குத் தம் வீட்டுப் பேச்சிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பல்கலைக்கழகம் செல்லவிருக்கும் மாணவர்கள் விடுமுறையிலேயே இதனைத் தொடங்கலாம். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகள் பாட்டியாரின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைக்கும்போது, 'ஒழுங்காகப் பேசுங்கள்' என்று அவரிடம் சொல்லாதீர்கள். இந்த அவையில் தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர் சிலர் இருப்பதை அறிவோம். பால்வெட்டு, ஆலை, பிரட்டு ஆகியவை தொடர்பாகத் தாம் அறிந்த சொற்களைப் பேசுகின்றவாறே எழுதித் தந்தால், அவை மாணவர் குறிப்பேட்டின் நான்காம் பத்திக்குச் செல்லும்.