குழாயும் வடிகாலும்

இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டிய நகரங்கள். அய்யனார் கோயில் பகுதியிலிருந்து இறங்கும் மலைநீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, இராசபாளையத்தின் குடிநீராகிறது. திருவில்லிபுத்தூருக்குச் செண்பகத்தோப்பு ஓடைகள் துணை நிற்கின்றன.

தூய்மை செய்யப்பட்ட நீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றப்படுகிறது. தொட்டியின் உயரமே குழாயில் அழுத்தத்தைத் தருகிறது. பத்து மீட்டர் உயர நீர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்தும். இவ்வழுத்தம் இருக்கும்வரை, குழாயில் விரிசல் இருந்தாலும் நீர் வெளியே கசியுமேயன்றி வெளிநீர் உட்புகாது. வழங்கல் நின்று குழாய் வெறுமையானதும் நிலைமை தலைகீழாகிறது. அருகிலுள்ள சாக்கடைநீர் அவ்விரிசல் வழியே உள்ளே நுழைந்துவிடும். மீண்டும் நீர் வரும்போது அதுவும் வீட்டுக்குள் வருகிறது. நாள்முழுதும் நீர் வராத ஊர்களில் இந்த இடர் அன்றாடமானது. தெருக்குழாயில் நேரடியாக மின்மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவோர், அண்டை வீட்டாரின் பங்கைக் குறைப்பதோடு இந்த உட்புகுதலையும் விரைவுபடுத்துகின்றனர். குழாயின் கடைமுனையிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று விதித்திருப்பது இதனால்தான். ஆனால், சாக்கடைநீர் மிகுதியாகக் கலந்தால் அச்சிறிதளவு குளோரின் எம்மூலைக்குப் போதும்?

பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்பது திட்டமிடும் அளவு. அதில் ஏறக்குறைய எண்பது விழுக்காடு கழிவுநீராகத் திரும்புகிறது. கழுவுதொட்டியின் கீழே வளைந்திருக்கும் குழாயில் தேங்கும் சிறிது நீரே, சாக்கடையின் நாற்றமும் பூச்சிகளும் வீட்டினுள் வாராமல் தடுக்கும் அடைப்பு. நெடுநாள் பூட்டிய வீட்டில் அந்நீர் வற்றிவிடுவதால்தான் நாற்றம் எழுகிறது.

பாதாளச் சாக்கடை இல்லாத வீட்டில் கழிப்பறைநீர் செப்டிக் தொட்டிக்குச் செல்லும். கசடு அடியில் படிந்து, காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிரிகளால் ஓரளவு சிதைகிறது. மேலே தெளிந்து வெளியேறும் நீரிலும் நோய்க்கிருமிகள் உண்டு; அதை உறிஞ்சுகுழியில் விடும்போது கிணறு அருகில் இருத்தலாகாது. 1854இல் இலண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியதை ஆராய்ந்த மருத்துவர் ஜான் ஸ்நோ, பொது அடிகுழாய் ஒன்றின் நீரே காரணம் என்று காட்டினார். அக்கிணற்றுக்குச் சில அடி தொலைவிலேயே ஒரு வீட்டின் கழிவுக்குழி கசிந்துகொண்டிருந்தது பின்னர்த் தெரியவந்தது.