தசை என்னும் சர்க்கரைக் கிடங்கு

2004 ஜனவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. இரண்டு ஆய்வாளர்கள் அருகருகே நிற்கிறார்கள். ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருமே பார்வைக்கு ஒல்லி. உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். ஒரே பி.எம்.ஐ., இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு.

யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாக்னிக்கோ காலையில் மருத்துவமனை லிஃப்டின் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பதுதான் தன் முக்கிய உடற்பயிற்சி என்று படத்தோடு வந்த குறிப்பிலேயே எழுதியிருந்தார். ஆனால் வித்தியாசம் முழுவதும் ஓட்டத்தால் மட்டும் வந்ததாக இருக்காது. யாக்னிக் எடை குறைவாகப் பிறந்தவர். புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை அவரது குழு அளந்தபோது சராசரி எடை 2.7 கிலோ; இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் தசை நன்றாகவே குறைந்திருந்தது. தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பிறக்கும்போதே தசை குறைவு, ஒப்பீட்டளவில் கொழுப்பு அதிகம் என்ற உடல்வாகோடு நம்மில் பலர் வாழ்க்கையைத் தொடங்குகிறோம்.

"நான் ஒல்லிதானே, எனக்கு ஏன் சர்க்கரை வந்தது?" என்ற கேள்விக்கு விடையில் ஒரு பெரும் பகுதி இங்கேதான் இருக்கிறது. நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. ரத்தம் முழுவதிலும் சேர்த்து ஒரு நேரத்தில் இருக்க வேண்டிய குளுக்கோஸ் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன்தான். மிச்சத்தை எங்காவது சேர்த்துவைத்தாக வேண்டும். கல்லீரலில் சுமார் 100 கிராம் கொள்ளும். தசைகளில் 400 கிராம் வரை கொள்ளும். உடலின் மிகப் பெரிய சர்க்கரைக் கிடங்கு தசைதான். கிடங்கு சிறிதாக இருந்தாலும், உள்ளிருப்பு செலவாகாமலே கிடந்தாலும், சர்க்கரை ரத்தத்திலேயே தங்கும்.

தசை வேலை செய்யும்போது இன்னொன்றும் நடக்கிறது. குளுக்கோஸைச் செல்லுக்குள் அழைத்துச் செல்ல 'குளுட்-4' என்ற புரதம் செல்லின் உட்பகுதியிலிருந்து மேற்பரப்புக்கு வர வேண்டும். பொதுவாக அதை வரவழைப்பது இன்சுலின். ஆனால் தசை சுருங்கி விரிந்தாலே, இன்சுலினின் உதவி இல்லாமலும் அது மேலே வந்துவிடும். இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காதவர்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. நியூசிலாந்தில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்ட பின் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அந்த வித்தியாசம் 22 சதவீதம். சாப்பிட்டதும் டி.வி. முன் உட்காரும் பழக்கத்தைப் பத்து நிமிடம் தள்ளிப்போடுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ஆனாலும் நடை மட்டும் போதாது. கடற்கரையிலும் பூங்காவிலும் காலையில் நடப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருக்கிறது. கூடவே ஒரு கவலையும் வருகிறது. நடை இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லது. தசையைப் பெருக்க அது பெரிதாக உதவாது. முப்பது வயதைத் தாண்டினால் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதுக்குப் பின் வேகம் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்று இருக்கிறது. முதல் பாதியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம்.

இதற்கு ஜிம் அவசியம் இல்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை உட்கார்ந்து எழுங்கள். சுவரில் கைகளை ஊன்றித் தண்டால் எடுங்கள். மாடிப்படியில் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை கடினமாக இருக்க வேண்டும். அதுதான் அளவுகோல். சுலபமாகிவிட்டால் தண்ணீர் பாட்டில் நிரப்பிய பையைத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். பளுவைக் கூட்டாவிட்டால் தசை வளராது. மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். இதயக் கோளாறோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். எடை தூக்கினால் உடம்பு ஆண்பிள்ளைபோல் ஆகிவிடும் என்று பெண்கள் பலர் தயங்குகிறார்கள். அப்படி ஆகாது. மாதவிடாய் நின்றபின் வேகமாகத் தேயும் எலும்புக்கும் இந்தப் பயிற்சியே துணை.

இனி தட்டுக்கு வருவோம். சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் பங்கேற்ற நாடு தழுவிய ஆய்வு 2025இல் வெளியானது. இந்தியர்களின் உணவில் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது அது. புரதம்தான் குறை. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. 60 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 கிராம். பளுப் பயிற்சி செய்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். நான்கு இட்லியும் சட்னியும் என்றால் எட்டு கிராம் போலத்தான் தேறும். சாம்பாரில் பருப்பு கெட்டியாக இருந்தால் கொஞ்சம் கூடும். அந்தத் தட்டில் ஒரு முட்டை சேர்த்தால் ஆறு கிராம். மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் ஒன்பது பத்து கிராம். மத்தி மீன் 100 கிராமில் இருபது கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். மூன்று வேளையிலும் புரதம் பிரிந்து வர வேண்டும் என்பதே முக்கியம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. மருத்துவர் சொன்ன அளவே அவர்களுக்கு எல்லை.

புரதப் பவுடர் டப்பாவை வாங்கினால் வேலை முடிந்தது என்று இளைஞர்கள் நம்புவது வருத்தம் தருகிறது. தசை வளர்க்கப் புரதச் சத்து மாவுகளைத் தவிர்க்கும்படி இந்தியாவின் 2024 உணவு வழிகாட்டுதல் சொல்கிறது. பாஸ்டனின் முதியோர் இல்லம் ஒன்றில் ஆய்வாளர் மரியா ஃபியாடரோனின் குழு 1990களில் செய்த சோதனையும் பயிற்சி இல்லாத சத்துப் பானம் போதாது என்றே காட்டியது. சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களின் பலவீனம் குறையவில்லை. பளு தூக்கியவர்களின் வலு இரட்டிப்புக்கும் மேல் உயர்ந்தது. அதற்கு முன், 1990இல் வெளியான ஆய்வில், சராசரியாகத் தொண்ணூறு வயதான தளர்ந்த முதியவர்களை எட்டு வாரம் கால்களால் பளு தூக்க வைத்தார் ஃபியாடரோன். அவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறிலும் தசை பேச்சைக் கேட்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். வீட்டில் அறுபதைக் கடந்த அம்மாவோ அப்பாவோ இருந்தால், "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்குறேன்" என்று எல்லா வேலையையும் அன்போடு பிடுங்கிவிடாதீர்கள். காய்கறிப் பையை அவர்கள் தூக்கட்டும். உங்களோடு சேர்ந்து அவர்களும் நாற்காலியில் உட்கார்ந்து எழட்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருமுனை வரை ஒன்றாக நடந்துவிட்டு வாருங்கள். இந்த வாரமே தொடங்குங்கள்.