பாலைவன மணல்மேட்டுக்கு ஒரு நாள் பயணம்: பையில் என்ன இருக்க வேண்டும்?

வளைகுடா நாடுகளில் நவம்பர் பிறந்து வெயில் தணிந்துவிட்டால், விடுமுறை நாளில் நம் குடும்பங்கள் மணல்மேடுகளை நோக்கிக் கிளம்பிவிடுகின்றன. அமீரகத்தில் அல் பதாயர், லிவா. ஓமானில் ஷர்கியா மணல்வெளி. கத்தாரில் மணல்மேடும் கடலும் சேருகிற கோர் அல் உதைத். சவூதியில் ரியாத்தை அடுத்த செம்மணல் பகுதி என்று ஒவ்வொரு நாட்டிலும் ஓர் இடம் உண்டு. ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்திருக்கும் உம்மா, வாப்பாவைக் கண்டிப்பாக அழைத்துப்போகும் இடமும் இதுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். "ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம்" என்று இரண்டு பாட்டில் தண்ணீரோடு அஸருக்குப் பின் போனோம். வண்டி மணலில் புதைந்தது. உதவி வந்து சேர இரவு 9 மணி ஆகிவிட்டது. உம்மாவுக்குச் சர்க்கரை நோய். சாப்பாட்டு நேரம் தாண்டியதும் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. சற்றுத் தள்ளிக் கூடாரம் போட்டிருந்த ஒரு மலையாளிக் குடும்பம் பேரீச்சம்பழமும் சாயாவும் கொடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அன்றைக்கு எங்களிடம் இல்லாமல் போனவற்றை வைத்துத்தான் இந்தப் பட்டியல்.

தண்ணீர்

குடிப்பதற்கு ஆளுக்கு 3 லிட்டராவது வேண்டும். உளூ செய்யவும் கை கழுவவும் 5 லிட்டர் கேன்கள் இரண்டைத் தனியாக வையுங்கள். குளிர்காலம்தானே என்று குறைக்க வேண்டாம். காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும். உடம்பில் நீர் குறைவது நமக்கே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் பிள்ளைகளுக்கு அடிக்கடி கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கைந்து பையில் இருக்கட்டும்.

உணவு

தேங்காய் அரைத்த சட்னி, மயோனைஸ் தடவிய சாண்ட்விச் போன்றவை வண்டிச் சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடும். புளிச்சோறு, சப்பாத்தி, அவித்த முட்டை, பேரீச்சம்பழம், வாழைப்பழம் நல்லது. பிரியாணி கொண்டுபோனால் ஹாட்பேக்கில் சூடு ஆறாமல் வைத்து, மதியத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். சஹனை விரிக்கும் முன் காற்று வரும் பக்கம் வண்டியை நிறுத்திக்கொண்டால் சோற்றில் மணல் விழாது.

உடை

உடலை மூடிய, தளர்வான பருத்தி உடைதான் மணலுக்கு ஏற்றது. தலைக்குத் தொப்பி அல்லது கஃபிய்யா, கண்ணுக்குக் கூலிங் கிளாஸ் வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அன்று கண்ணாடிக்கு மாறிக்கொள்ளட்டும். சூரியன் மறைந்ததும் மணல் வேகமாகக் குளிர்ந்துவிடும். பகலில் வியர்த்த பிள்ளைகள் மஃரிபுக்குப் பின் நடுங்குவார்கள். எல்லோருக்கும் ஒரு ஸ்வெட்டரோ சால்வையோ கட்டாயம். கழற்றிப் போட்ட செருப்பையும் ஷூவையும் உதறிவிட்டே போட வேண்டும். உள்ளே தேள் புகுந்திருக்கலாம்.

மருந்து

பெரியவர்களின் மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். இன்சுலினைச் சூடான வண்டியில் விடக் கூடாது. துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்கலாம். ஐஸ் நேரடியாகப் பட்டால் மருந்து உறைந்து கெட்டுவிடும். சர்க்கரை நோயாளியின் பையில் குளுக்கோஸோ இனிப்போ இருக்க வேண்டும். மணல்மேட்டில் வண்டியை ஏற்றி இறக்கும் சவாரி கர்ப்பிணிகளுக்கும், முதுகுவலி உள்ளவர்களுக்கும், கைக்குழந்தைகளுக்கும் வேண்டாம். மற்றவர்களும் வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் ஏற வேண்டாம்.

வண்டிக்கு

சாதாரணக் காரை மணலில் இறக்காதீர்கள். ஃபோர் வீல் வண்டியாக இருந்தாலும் தனியாகப் போகாமல் இரண்டு வண்டிகளாகப் போங்கள். மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை குறைப்பது வழக்கம். டயர் அகன்று மணலில் பரவுவதால் புதையாது. தார் ரோட்டுக்கு ஏறியதும் மறுபடி காற்று நிரப்ப வேண்டும் என்பதால் காற்று அளக்கும் கருவியும் சிறிய கம்ப்ரஸரும் தேவை. மண்வெட்டி, இழுவைக் கயிறு, டார்ச், பவர் பேங்க் ஆகியவையும் வேண்டும்.

வண்டி புதைந்தால் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்காதீர்கள். இன்னும் ஆழமாக இறங்கும். உதவிக்காக ஏ.சி. போட்டு உள்ளே காத்திருப்பதானால், புகைக்குழாயை மணல் மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூடியிருந்தால் நச்சுப்புகை உள்ளே வந்து உயிருக்கே ஆபத்தாகும். வண்டியை விட்டு நடந்து போகவும் கூடாது; தேடி வருபவர்களுக்கு மனிதரைவிட வண்டிதான் எளிதில் கண்ணில் படும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டிலோ நண்பரிடமோ சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி போனில் இறக்கிவையுங்கள். அமீரகத்திலும் கத்தாரிலும் அவசர எண் 999, ஓமானில் 9999.

தொழுகைக்கு

முஸல்லாவோடு, சிக்னல் இல்லாத இடத்திலும் கிப்லா தெரிய ஒரு சிறிய காம்பஸ் எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் மணல் இருக்கிறதே என்று தயம்மும் செய்துவிட முடியாது. போதுமான தண்ணீர் கையில் இருந்தால் உளூதான். ஆகவே அந்த இரண்டு கேன்களை மறக்க வேண்டாம்.

திரும்பும்போது

பெரிய குப்பைப் பைகள் இரண்டு கொண்டுபோங்கள். துபாயில் கால்நடை ஆய்வாளர்கள் 2008 முதல் பரிசோதித்த இறந்த ஒட்டகங்கள் சுமார் 30,000. அவற்றில் 300 ஒட்டகங்களின் வயிற்றில் பிளாஸ்டிக் கட்டியாகச் சேர்ந்திருந்தது. நாம் விட்டுவரும் கேரி பேக்தான் அது. அடுப்புக் கரியையும் மணலில் புதைக்காதீர்கள். மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். அடுத்து வரும் குழந்தை வெறுங்காலோடு அதில் மிதிக்கும். நிறையத் தண்ணீர் ஊற்றி அணைத்து, ஆறிய பிறகு அள்ளி வந்துவிடுங்கள்.

மணலைப் பார்த்து ஊர்ப் பெரியவர்கள் "சுப்ஹானல்லாஹ்" என்று மலைத்து நிற்கும் காட்சி மனதை நிறைக்கும். அந்த மகிழ்ச்சியோடு எல்லோரும் நலமாக வீடு திரும்ப, முதல் நாள் இரவே அரை மணி நேரம் ஒதுக்கிப் பையைச் சரிபாருங்கள். அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானதாக ஆக்குவானாக.