அம்மாவிடம் அழுதார்... ஆட்டத்தை ஜெயித்தார்!



2025 அக்டோபர் 30-ந் தேதி ராத்திரி நம்மில் எத்தனை பேர் சமையல்கட்டைச் சீக்கிரமாக ஒழித்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தோம்? பெண்கள் உலகக் கோப்பை கிரிக்கெட்டின் அரையிறுதி ஆட்டத்தைத்தான் சொல்கிறேன். முதலில் போட்ட அட்டவணைப்படி அந்த மேட்ச் பெங்களூரில் நடந்திருக்க வேண்டியது. எங்கள் ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் நாற்பது கிலோமீட்டர்தான். ஜூன் 4-ந் தேதி சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே நெரிசலில் 11 உயிர்கள் போன பிறகு, ஆட்டங்களை நவி மும்பைக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் நாங்களும் உங்களைப் போல டி.வி.யில்தான் பார்த்தோம்.

எதிரணி ஆஸ்திரேலியா. 2017 அரையிறுதியில் நம்மிடம் தோற்ற பிறகு உலகக் கோப்பையில் ஒரு மேட்ச் கூடத் தோற்காத அணி. அவர்கள் அடித்தது 338 ரன். பெண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில் அதுவரை யாரும் அவ்வளவு ரன்னைத் துரத்தி ஜெயித்ததே இல்லை. நமக்கோ ஷபாலி 10, ஸ்மிருதி 24 என்று 59 ரன்னுக்குள் இரண்டு விக்கெட் போய்விட்டது. "அவ்வளவுதான், ஆஃப் பண்ணு" என்று என் வீட்டுக்காரர் எழுந்தே விட்டார்.

அப்புறம் நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜெமிமா ரோட்ரிக்ஸும் கேப்டன் ஹர்மன்ப்ரீத் கவுரும் சேர்ந்து 167 ரன் எடுத்தார்கள். ஹர்மன்ப்ரீத் 89-ல் அவுட் ஆன பிறகும் ஜெமிமா நகரவில்லை. 82-ல் அவர் கொடுத்த கேட்ச் கீப்பர் ஹீலியின் கையில் பட்டு நழுவியபோது எங்கள் வரிசை வீடு முழுக்க ஒரே கூச்சல்! எங்கள் ஊர்தான் மூணு பாஷை ஊராயிற்றே. எதிர்வீட்டுக் கன்னட அம்மா "ஹொடி, ஹொடி" என்கிறார். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா "கொட்டு, கொட்டு" என்கிறார். நாங்கள் "அடி, அடி" என்கிறோம். எல்லாம் ஒரே அர்த்தம்தான். 48.3 ஓவரில் 341 ரன். ஜெமிமா 134 பந்தில் 127, கடைசி வரை அவுட் இல்லை. ஐம்பது அடித்தபோதும் நூறு அடித்தபோதும் அந்தப் பொண்ணு ஆர்ப்பாட்டம் எதுவும் பண்ணவில்லை. மேட்ச் ஜெயித்த பிறகுதான் அழுதார்.

நான் எழுத வந்தது அந்த அழுகையைப் பற்றித்தான்.

இந்த ஜெமிமாவை 2022 உலகக் கோப்பை அணியில் சேர்க்கவே இல்லை. இந்தத் தடவை சேர்த்தார்கள். ஆனால் முதல் மேட்சில் 0, தென்னாப்பிரிக்காவுடன் மறுபடி 0. இந்தூரில் இங்கிலாந்து மேட்சில் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்து நியூசிலாந்து மேட்சில் திரும்பி வந்து 76 அடித்தார். அரையிறுதியில் மூன்றாவதாக இறங்க வேண்டும் என்பதே ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் தெரியுமாம்.

மேட்ச் முடிந்து பேசும்போது அவர் மறைக்காமல் சொன்னார். இந்தத் தொடர் முழுக்க ஏறக்குறைய தினமும் அழுதிருக்கிறார். மனப் பதற்றம் தாங்காமல் அம்மாவுக்கு போன் போட்டு, மனசில் உள்ளதெல்லாம் கொட்டித் தீரும் வரை அழுவாராம். தோழி அருந்ததி ரெட்டி தினமும் பக்கத்தில் இருந்தார், ஸ்மிருதியும் ராதா யாதவும் பார்த்துக் கொண்டார்கள் என்று பெயர் சொல்லி நன்றி சொன்னார். யாராவது இதே கஷ்டத்தில் இருந்தால் அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் சொல்வதாகவும் சொன்னார்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் மாடி போர்ஷன் பொண்ணுங்க ஞாபகம்தான் வந்தது. நாலு பேர், எல்லோருக்கும் பத்தொன்பது, இருபது வயசு. மொபைல் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. தர்மபுரிப் பக்கம், திருவண்ணாமலைப் பக்கம் என்று ஊரை விட்டு வந்தவர்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் மேட்ச் பார்த்தார்கள். அதில் ஒருத்தியை இரண்டு வாரத்துக்கு முன்னால் 'வேகம் போதாது' என்று லைனிலிருந்து மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டு பாத்ரூமில் அழுவாளாம். ஊருக்கு போன் பண்ணினால் மட்டும் "நல்லா இருக்கேம்மா" என்பாளாம். ஏன் பாப்பா, அம்மாகிட்ட சொல்லக் கூடாதா என்றேன். "சொன்னா திரும்பி வந்துடுன்னு சொல்வாங்க அக்கா. வீட்டுக்குப் போனா கல்யாணம்தான்" என்றாள்.

பாருங்கள் சகோதரிகளே! அழுதால் வேலைக்கு லாயக்கில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுவோம் என்ற பயத்திலேயே பிள்ளைகள் அழுகையை மறைக்கிறார்கள். ஜெமிமாவின் அம்மா போனில் அந்த அழுகையைக் கேட்டுக் கொண்டார். பொண்ணும் அழுது முடித்து மறுநாள் மட்டையை எடுத்துக் கொண்டு மைதானத்துக்குப் போனார். அம்மாவிடம் அழுவதால் ஆட்டம் கெட்டுப் போகவில்லையே!

கிரிக்கெட்டில் அம்மா என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு மேட்சும் நினைவுக்கு வரும். எங்கள் ஓசூர் வாட்ச் பேக்டரியின் பெயர் தாங்கிய டைட்டன் கோப்பை, 1996 அக்டோபர் 21, பெங்களூர். அதுவும் ஆஸ்திரேலியாதான். டெண்டுல்கர் 88-ல் அவுட் ஆனபோது ஸ்கோர் 164-க்கு 8 விக்கெட். ஜெயிக்க 216 வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகள் ஸ்ரீநாத்தும் கும்ப்ளேயும் அவுட் ஆகாமல் 52 ரன் சேர்த்து ஜெயிக்க வைத்தார்கள். ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருந்த கும்ப்ளேயின் அம்மாவை டி.வி.யில் காட்டினார்கள். அப்போது எனக்கு எட்டு வயசு. பெற்றவள் பக்கத்தில் இருந்தாலும் சரி, போனில் இருந்தாலும் சரி, அது பிள்ளைக்கு ஒரு பலம்தான்.

வெளியூரில் வேலை பார்க்கும், ஹாஸ்டலில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பொண்ணு போனில் அழுதால் உடனே "அழாதே" என்றோ, "பெட்டியைக் கட்டிக்கிட்டு வா" என்றோ சொல்லாதீர்கள். முழுக்க அழட்டும், கேளுங்கள். "என்ன செய்யலாம்னு நீ நினைக்கிறே?" என்று அவளையே கேளுங்கள். பிள்ளைகளுக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் நம்மைப் போன்றவர்களும், வாடகை வாங்கும்போது "சாப்பிட்டியா, தூங்கினியா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். தூக்கமும் சாப்பாடும் பல நாளாகக் கெட்டுப் போயிருந்தால் டெலி மனஸ் 14416 என்ற இலவச எண்ணுக்கு போன் பண்ணச் சொல்லுங்கள். தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

எங்கள் மாடிப் பொண்ணு மேட்ச் முடிந்த மறுநாள் ஷிப்ட் விட்டு வந்ததும் ஊருக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள் அம்மா திட்டவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முறுக்கும் கடலை உருண்டையும் எடுத்துக் கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். அவள் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள். பழைய லைன் கிடைக்கவில்லை. ஆனால் இப்போது சாப்பிடுகிறாள்.

நவம்பர் 2-ந் தேதி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்து நம் பெண்கள் முதல் முறையாக உலகக் கோப்பையை வாங்கியதும் உங்களுக்குத் தெரியும். அந்த இறுதி ஆட்டத்தில் 87 ரன் அடித்த ஷபாலியும் முதலில் அணியிலேயே இல்லாதவர்தான். பிரதிகாவுக்குக் காயம் பட்டதால் கடைசி நேரத்தில் கூப்பிட்டார்கள். ஓரம் கட்டப்பட்டவர்கள் திரும்பி வர முடியும் தோழிகளே. அதுவரை சாய்ந்து அழ ஒரு தோள் வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

- ஒரு இல்லத்தரசி, ஓசூர்.