கொல்லிப் பாவையும் குழந்தைச் சித்திரமும்

கொல்லிமலையைப் பற்றிப் பேசும் நம் பழைய நூல்கள் ஓரியின் வில்லை மட்டும் புகழவில்லை. அம்மலையிலிருந்த ஒரு பாவையையும் வியந்து கூறுகின்றன. உயிரற்ற அந்தப் பதுமை அசையும், நகைக்கும், கண்டவரை மயக்கி உயிரையும் கவரும் என்பது ஐதிகம். ஜடத்துக்கு அசைவு கொடுத்துப் பார்ப்போரைக் கட்டிப்போடும் வித்தை இன்று பெரும் வர்த்தகமாகிவிட்டது. அதன் முதன்மையான ரசிகர்கள் நமது குழந்தைகளே. ஆகவே இதை விளையாட்டு விஷயமென்று தள்ளிவிடுவதற்கில்லை.

இவ்வித்தை நம் தேசத்துக்குப் புதியதன்று. தாதா சாகேப் பால்கே 1915-லேயே தீக்குச்சிகளை அசையவைத்துப் படமெடுத்தார். 1956-ல் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் பயிற்சியளிக்க, டிஸ்னி கம்பெனியில் பணிபுரிந்த கிளேர் வீக்ஸ் வந்தார். அங்கே பயின்ற ராம்மோகன் பிற்காலத்தில் ஜப்பானியருடன் கூடி ராமாயணத்தைச் சித்திரப் படமாக்கினார். சென்னையில் பென்டாமீடியா ஸ்தாபனம் 2000-ம் ஆண்டில் பாண்டவர் கதையைக் கம்ப்யூட்டர் சித்திரமாக வெளியிட்டது. பெரும் ஆரவாரத்துடன் எழுந்த அந்த ஸ்தாபனம் பின்னர் நலிவுற்றது.

நலிவுக்கு இத்தொழிலில் இடம் அதிகம். திரையில் வினாடிக்கு 24 படங்கள் ஓடவேண்டும். ஒரு நிமிஷத்துக்கு 1,440. எத்தனை கைகளின் உழைப்பு! பிற நாட்டார் கதைக்குக் கூலிக்குப் படம் வரைந்து கொடுத்தால், கூலியோடு கணக்குத் தீர்ந்தது. கதாபாத்திரம் யாருடைய உடைமையோ, அவருக்கே பொம்மையிலும் புத்தகத்திலும் மறுமுறை லாபம் வரும். 2001-ல் ஹைதராபாத்தில் தோன்றிய கிரீன் கோல்ட் ஸ்தாபனம் 2008-ல் 'சோட்டா பீம்' என்ற பாலகனைப் படைத்து இவ்வுண்மையை நிரூபித்தது.

சென்னையும் இதில் பின்தங்கவில்லை. இசையமைப்பாளர் சந்திரபோஸின் புதல்வர் வினோத் சந்தர் நண்பர்களுடன் 2013-ல் தொடங்கிய 'சூசூ டிவி', யூடியூப் மூலம் உலகெங்கும் கோடிக்கணக்கான குழந்தைகளை எட்டியது. நம்மவர் திறமைக்கு இதனினும் சான்று வேண்டுமா? ஆயினும் அதற்கு உலகப் புகழ் தேடித் தந்தவை ஆங்கிலப் பாடல்களே. தமிழிலும் அது பாடல்களை வெளியிட்டிருக்கிறது. வருமானத்தின் போக்கு மட்டும் வேறு திசையில் இருக்கிறது.

காரணம் விளங்காததன்று. படம் இலவசம், பணம் விளம்பரத்திலிருந்து வருகிறது. அவ்வருமானத்தில் நூற்றுக்கு 45 பங்கை யூடியூப் எடுத்துக்கொண்டு எஞ்சியதையே படைத்தவருக்குத் தருகிறது. அமெரிக்கக் குழந்தை பார்த்தால் கிடைக்கும் தொகை தமிழ்க் குழந்தை பார்த்தால் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, சட்டமும் கடல் கடந்து வருகிறது. பெற்றோர் சம்மதமின்றிக் குழந்தைகளின் விவரங்களைத் திரட்டிய வழக்கில் கூகிளும் யூடியூபும் 2019-ல் 17 கோடி டாலர் செலுத்த இசைந்தன. 2020 ஜனவரி முதல், பார்ப்பவரின் விவரமறிந்து காட்டும் விளம்பரங்கள் குழந்தைப் படங்களில் நிறுத்தப்பட்டன. குழந்தைகளுக்கு அது நன்மையே. ஆனால் அமெரிக்காவில் எழுதிய ஒரு கையெழுத்து சென்னைத் தொழிலாளியின் வருமானத்தைத் தொடுகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

சித்திரக்காரர்களைக் குறைகூறிப் பயனில்லை, அவர்களும் பிழைக்கவேண்டும். தமிழ்க் கதைகளுக்குச் சந்தை தானாகப் பிறக்கும் என்று காத்திருப்பதுதான் தவறு. பாடநூல்களுக்குச் சர்க்கார் பணம் செலவிடுகிறதே, அதைப் போலச் சிறு சித்திரங்களுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கட்டும். கதாபாத்திரத்தின் உரிமையைப் படைத்தவரிடமே விடட்டும். பதிப்பாளர்களும் தனவந்தர்களும் கைகொடுக்கட்டும். நல்ல படம் ஒருமுறை எடுத்தால் பல தலைமுறைகளுக்கு உதவும்.

குன்றேறி விழுந்த ஜாக்கும் ஜில்லும் நம் பிள்ளைகளுக்கு உறவாகிவிட்டார்கள், இருக்கட்டும். கொல்லிமலைக் குழந்தை தன் மலையை ஆண்ட ஓரியையும் திரையில் காணவேண்டாமா? அதற்கு வேண்டிய கலைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க முன்வருவோர் யார்?