பணியிடத்தில் நலம் வளர்க்கும் மின்னஞ்சல்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் மொழி. அதனைக் கேளாத தமிழர் இலர். ஆயினும், அறிந்ததை நாள்தோறும் கடைப்பிடிப்போர் சிலரே. சீனியைக் குறைக்க வேண்டுமென்று மருத்துவர் கூறியதை நன்கு நினைவில் வைத்திருப்பவரே, மறுநாட் காலையில் கெட்டிப்பால் கலந்த தேநீரை இரண்டு குவளை பருகுகிறார். அறிவுரை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மருந்தகத்தில் கிடைக்கிறது. பழக்கமோ ஒவ்வொரு நாளும் நம்மோடு எழுந்து நம்மோடு உறங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைப்பதற்குப் பல பணியிடங்கள் இன்று கையாளும் எளிய கருவி மின்னஞ்சலாகும். அக்கருவி எவ்வாறு பயன் தருகிறது, தோட்டங்களில் வாழும் நாம் அதனை எவ்வாறு பயன்படுத்திக் கொள்ளலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அறிவிப்புப் பலகையிலிருந்து மின்னஞ்சலுக்கு

கோலாலம்பூரின் செந்தூல் வட்டாரம் என்றவுடன் மூத்தோர் நினைவுக்கு வருவது இரயில்வே பட்டறையே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு அமைக்கப்பட்ட மத்தியப் பட்டறையில் தமிழ்த் தொழிலாளர் பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். அந்நாளில் ஒரு பணியிடத்தில் நிருவாகம் எதனையேனும் அறிவிக்க விரும்பினால், அதனைப் பலகையில் ஒட்டும். அல்லது மேலாளின் வாய்மொழியாகச் சொல்லியனுப்பும். தோட்டங்களிலோ அறிவிப்புகள் யாவும் காலைப் பெரட்டில்தான் வெளியாயின.

காலம் மாறிவிட்டது. 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பின் வழியாக முதல் மின்னஞ்சலை அனுப்பினார். இன்று செந்தூலில் குடியிருந்து தலைநகரின் அலுவலகங்களுக்குச் செல்லும் நம் பிள்ளைகள், காலையில் இருக்கையில் அமர்ந்தவுடன் மின்னஞ்சலைத்தான் முதலில் திறக்கின்றனர். கூட்ட அறிவிப்பு, விடுப்பு ஒப்புதல், சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு, "இன்று மின்தூக்கியை விடுத்துப் படிக்கட்டில் ஏறுங்கள்" என்னும் நலக் குறிப்பும் சில இடங்களில் வந்து சேர்கிறது.

நினைவூட்டல் ஏன் தேவை?

சுகாதார அமைச்சு 2023ஆம் ஆண்டில் நடத்திய தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் 15.6 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர். அதாவது, ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும், 33.3 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் மிகுதியான கொழுப்பும் இருந்தன. 2019ஆம் ஆண்டின் ஆய்வோ, நாட்டின் பெரிய இனத்தவருள் இந்தியரிடையேதான் நீரிழிவு மிகுதியாக இருப்பதைக் காட்டியது. ஏறத்தாழ பத்து பேரில் மூவருக்கு அந்நோய் இருந்தது. இவை நம் வீட்டு வாயிலைத் தட்டும் எண்கள் என்பதை மறத்தலாகாது.

இந்நோய்கள் ஓசையின்றி வருபவை. காய்ச்சலைப் போல் உடலைச் சுடுவதில்லை. வெட்டுக் காயத்தைப் போல் வலிப்பதுமில்லை. எனவேதான், நாம் அவற்றை மறந்துவிடுகிறோம். பால் மரம் வெட்டுவோருக்கு இம்மறதி பெருங்கேடாக முடியக்கூடும். நீரிழிவு நாட்பட்டால் பாதங்களில் உணர்ச்சி குன்றும். விடியுமுன் இருட்டில் வேலைக்காட்டில் நடக்கையில் முள்ளோ குச்சியோ குத்தியது தெரியாது. புண் புரையோடிய பின்னரே கண்ணிற் படும். காலை இழந்தவருக்கு மரத்தோடு வேலை ஏது? வயிற்றுப்பாட்டையே தொடுகிற இந்நிலையைத் தடுப்பதற்குத் தக்க வேளையில் வரும் ஒரு சொல்லும் துணையாகலாம்.

ஆய்வுகள் கூறுவன

மின்னஞ்சல் உண்மையில் பயன் தருமா என்னும் வினாவுக்கு ஆய்வாளர் விடை தேடியுள்ளனர். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ஐந்து பெரிய பணியிடங்களைச் சேர்ந்த 2,121 ஊழியர் பங்கேற்ற ஆய்வொன்று 2005ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அவர்களுள் ஒரு பிரிவினருக்கு, உடலுழைப்பையும் உணவையும் பற்றி 12 வாரங்களுக்கு வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பப்பட்டது. அவர்களிடம் முன்னேற்றம் காணப்பட்டது. ஆனால், அது சிறிதளவே.

2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலிருந்து வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஒரு மருத்துவ நிறுவனத்தின் 787 ஊழியர் அதில் பங்கேற்றனர். மின்னஞ்சல் பெற்றவர்கள், உடலுழைப்பைக் கூட்டுதல், காய்கனிகளைக் கூட்டுதல், தீய கொழுப்பையும் சீனியையும் குறைத்தல் ஆகிய மூன்று வழிகளுள் ஒன்றைத் தாமே தேர்ந்துகொண்டனர். வாரந்தோறும் தம்மால் இயன்ற சிறு இலக்குகளையும் தாமே குறித்தனர். 16 வாரங்களில் அவர்களுடைய பழக்கங்களில் நல்ல மாற்றம் தோன்றியது. செய்திகள் நின்று நான்கு மாதங்கள் கழிந்த பின்னரும் அம்மாற்றம் நிலைத்திருந்தது. அனைவருக்கும் ஒரே பொது அறிவுரையை அனுப்புவதைவிட, அவரவர் தெரிந்தெடுத்த சிறு செயலை நினைவூட்டுவது சிறந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

தமிழ் மண்ணிலிருந்து ஒரு சான்று

கணினி முன் அமர்ந்திருப்போருக்கே இவை பொருந்தும் என்று கருதுவோர் இருக்கலாம். அவர்களுக்கு விடையளிக்கும் ஆய்வு சென்னையிலிருந்து வந்துள்ளது. நீரிழிவு மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் தென்கிழக்கு இந்தியாவின் தொழில் நிறுவனங்களில் பணிபுரிந்த 8,741 பேரைச் சோதித்தனர். அவர்களுள், நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 537 ஆடவரைத் தெரிந்தெடுத்தனர். இவர்கள் 35 முதல் 55 வயதுக்கு உட்பட்டோர். உணவு, உடற்பயிற்சி பற்றிய அறிவுரை அனைவருக்கும் தொடக்கத்தில் வழங்கப்பட்டது. அதன்பின், ஒரு பாதியினருக்கு மட்டும் அவர்களுடைய கைப்பேசிகளுக்கே குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. அவரவர் மனநிலைக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப அவை எழுதப்பட்டிருந்தன.

ஈராண்டுகள் சென்றன. அறிவுரை மட்டும் பெற்ற 266 பேரில் 73 பேருக்கு நீரிழிவு தோன்றியது. குறுஞ்செய்தியும் பெற்ற 271 பேரில் 50 பேருக்கே தோன்றியது. அதாவது, 27 விழுக்காடு 18 விழுக்காடாகக் குறைந்தது. செய்தி பெற்றோர் உணவுக் கட்டுப்பாட்டைச் செம்மையாகக் கடைப்பிடித்ததும் தெரியவந்தது. 2013ஆம் ஆண்டில் புகழ்பெற்ற மருத்துவ ஏடொன்றில் இம்முடிவுகள் வெளியிடப்பட்டன. விலையுயர்ந்த மருந்தோ பெரிய கருவியோ இவ்வெற்றிக்குத் தேவைப்படவில்லை. சட்டைப் பையிலிருந்த சாதாரணக் கைப்பேசியும் சில வரிச் செய்திகளுமே போதுமானவையாக இருந்தன.

நல்ல செய்தியின் இலக்கணம்

பயன்தரும் செய்திக்குச் சில பண்புகள் உண்டு. முதலாவது, அது ஒரே ஒரு செயலைக் கூற வேண்டும். "உடல் நலம் பேணுங்கள்" என்பது அறிவுரை. "இன்று தேநீரில் ஒரு கரண்டி சீனியைக் குறையுங்கள்" என்பது வழிகாட்டல். உலகச் சுகாதார நிறுவனம், ஒரு நாளைக்கு நாம் சேர்த்துக்கொள்ளும் சீனி ஏறத்தாழ 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள், இருப்பது சிறந்தது என்கிறது. ஒரு நாளில் பருகும் தேநீரின் எண்ணிக்கையை இந்த ஆறு கரண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நிலைமை தானே விளங்கும்.

இரண்டாவது, அது உரிய வேளையில் வர வேண்டும். உணவைப் பற்றிய செய்தி சோறு பரிமாறுமுன் வரவேண்டும். உண்ட பின்னர் வருவதால் பயனில்லை. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கனி என்னும் சுகாதார அமைச்சின் "சூக்கு சூக்கு செப்பாரோ" முறையை, நண்பகல் மணியடிப்பதற்குச் சற்று முன்னர் நினைவூட்டலாம்.

மூன்றாவது, பெறுபவரின் வேலைக்கு அது பொருந்த வேண்டும். அலுவலகத்தில் அமர்ந்து எழுதும் கிராணிக்கு, "எழுந்து நடங்கள்" என்பது தக்க சொல். நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றிவிட்டு வரும் பால்வெட்டுத் தொழிலாளியிடம் அதையே கூறினால் அவர் நகைப்பார். அவருக்கு வேண்டியவை வேறு: "வாளியோடு ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டு செல்லுங்கள்", "மாலையில் குளித்தபின் இரு பாதங்களையும், விரலிடுக்குகளையும் விளக்கொளியில் பாருங்கள்."

நான்காவது, அது பெறுபவரின் மொழியில் அமைய வேண்டும். தமிழ் அறிந்தோருக்குத் தமிழிலும், நம்மோடு உழைக்கும் அயல்நாட்டுத் தொழிலாளருக்கு அவர்கள் மொழியிலும் செய்தி சென்றாலன்றி அது எவர் நெஞ்சையும் தொடாது.

கிராணியின் மேசையிலிருந்து மரத்தடிக்கு

தோட்டங்களில் மின்னஞ்சல் வந்து சேரும் இடம் அலுவலகக் கணினி. கிராணியின் மேசையோடு அது நின்றுவிட்டால், கிணற்றில் நீர் இருந்தும் குடத்தில் இல்லாத நிலையே ஏற்படும். எனவே, தோட்டத்தில் மின்னஞ்சலைத் தொடக்கமாக மட்டும் கொள்ள வேண்டும். திங்கட்கிழமை வரும் குறிப்பைக் கிராணி அச்சிட்டுப் பெரட்டுக் களத்தில் ஒட்டலாம். மேற்பார்வையாளர் அதனைப் பெரட்டில் ஒரு நிமிடத்தில் படித்துக் காட்டலாம். கைப்பேசி உள்ளவர்களுக்கு வாட்சாப் குழுவின் வழியாக அதே செய்தியை அனுப்பலாம். எழுத்து வாசிக்க இயலாத முதியோருக்குக் குரற்பதிவாகவும் அனுப்பலாம். தேநீர் கலக்கும் இல்லத்தரசிகளையும் அது எட்ட வேண்டும். அடுப்படி இசையாமல் எந்த உணவுப் பழக்கமும் மாறுவதில்லை.

இப்பணிக்குத் தலைமை தாங்க ஓர் அமைப்பு ஏற்கெனவே உள்ளது. 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, 40 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு அமைக்கப்பட வேண்டும். அக்குழுவில் நிருவாகத்தின் சார்பாளரோடு தொழிலாளரின் சார்பாளரும் இடம்பெறுவர். எந்த மாதத்தில் எந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்வது என்பதை இவர்கள் கூடி முடிவு செய்யலாம். சுகாதார அமைச்சு 2013ஆம் ஆண்டில் தொடங்கிய கோஸ்பென் திட்டமும், பின்னர்ப் பணியிடங்களுக்கென வகுக்கப்பட்ட கோஸ்பென் பிளஸ் திட்டமும் இதற்கு வழிகாட்டும். வட்டாரச் சுகாதார அலுவலகத்தை அணுகினால் மேலும் விவரம் அறியலாம்.

செய்தியோடு வாய்ப்பும் வர வேண்டும் என்பதை நிருவாகத்தினர் நினைவிற் கொள்வது நன்று. "தண்ணீர் பருகுங்கள்" என்று எழுதிவிட்டுக் குடிநீரைத் தொலைவில் வைத்தால், அச்சொல்லுக்கு மதிப்பிராது. "இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்" என்று கூறுவோர், அதற்குச் செல்பவரின் அன்றைய சம்பளம் குறையாதிருக்கவும் வழி செய்தல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

ஒருவருக்கு நன்மையானது மற்றொருவருக்குத் தீங்காகலாம். நீரிழிவுக்குச் சில வகை மாத்திரைகளோ ஊசி மருந்தோ பெறுபவர், பசியாறாமல் கடும் வேலைக்குச் சென்றால் இரத்தத்தில் சீனி மிகவும் தாழ்ந்துவிடும். வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் தோன்றும். அவ்வேளையில் உடனே இனிப்பு உண்ணுதலே அவரைக் காக்கும். ஆதலால், அத்தகையோர் சட்டைப் பையில் சிறிது இனிப்பு வைத்திருத்தல் நலம். சீனியைக் குறைக்கச் சொல்லும் செய்தியோடு இதனையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்து, ஒருவருடைய நோய் அவருக்கே உரிய செய்தி. யாருக்கு என்ன நோய் என்பதைப் பொதுக் குழுவில் எழுதுவது முறையன்று. பரிசோதனைக்குச் சென்றோர் எத்தனை பேர் என்று எண்ணலாம். அவர்கள் யார் யார் என்று பறைசாற்றலாகாது. உடல் பருத்தவரைச் சுட்டி நகையாடும் செய்திகளும் வேண்டா. வெட்கத்தால் எவரும் திருந்துவதில்லை; மருந்தகத்துக்குச் செல்லத் தயங்குவதே அதனால் விளையும்.

மூன்றாவதாக, பொய்ச் செய்திகளுக்கு இடம் தரலாகாது. "இந்தச் சாற்றைப் பருகினால் நீரிழிவு பத்து நாட்களில் மறையும்; மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்பன போன்ற செய்திகள் கைப்பேசிகளில் உலவுகின்றன. அவற்றை நம்பி மருந்தைக் கைவிட்டோர் பெருந்துன்பத்துக்கு ஆளாவர். ஐயம் தோன்றினால் மருந்தகத் தாதியரையோ மருத்துவரையோ கேட்டறிக. பரவிவரும் செய்திகளின் உண்மையை அறிவதற்கென மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017ஆம் ஆண்டில் "செபெனார்ன்யா" என்னும் இணையத்தளத்தைத் தொடங்கியது. படித்த இளைஞர்கள் அதன்வழி தம் பெற்றோருக்கு உதவலாம்.

இன்றே தொடங்குவோம்

நெடுந்திட்டம் தீட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. நான்கு வாரங்களுக்கு நான்கு செய்திகள் போதும். முதல் வாரம் தேநீரில் சீனி. இரண்டாம் வாரம் தண்ணீர். மூன்றாம் வாரம் பாதங்களைப் பார்த்தல். நான்காம் வாரம் இரத்தப் பரிசோதனை. மாத இறுதியில் குழுவினர் கூடி எது பயன் தந்தது, எது பயன் தரவில்லை என்று ஆராய்ந்து, அடுத்த மாதத்துக்குரியவற்றை எழுதலாம். தலைநகரில் பணிபுரியும் பிள்ளைகளும் தங்கள் அலுவலகத்தில் பெறும் நல்ல குறிப்புகளைத் தமிழாக்கி, தோட்டத்திலுள்ள தாய் தந்தையர்க்கு அனுப்பலாம். "அம்மா, இன்று மாத்திரை உண்டீர்களா?" என்னும் மகளின் ஒரு வரிச் செய்தியும் நல்ல மருந்தே.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். உழைக்கும் உடலே தொழிலாளர் குடும்பத்தின் சுவர். அச்சுவரைக் காக்க ஒவ்வொரு தோட்டமும் வாரம் ஒரு நற்செய்தியைத் தொழிலாளரின் கைக்கும் செவிக்கும் கொண்டு சேர்க்குமாக.