போனைப் பிடுங்குவதற்கு முன்

பள்ளியின் பெயரோடு 'கன்ஃபெஷன்' என்று சேர்த்து இன்ஸ்டாகிராமில் தேடிப் பாருங்கள். பல ஊர்களில் அப்படி ஒரு பக்கம் சிக்கும். நடத்துவது யாரென்று தெரியாது. உடன் படிக்கும் ஒருவரைப் பற்றி ஒரு வரி, கீழே சிரிப்புப் பொம்மைகள், பெயரை டேக் செய்து கிளறிவிடும் கமெண்டுகள். நிறம், பருமன், நடை, சாதி, யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதுவரை எதுவும் தப்பாது. கேட்டால், "சும்மா கலாய்ச்சோம்" என்பார்கள்.

வகுப்பில் நடக்கும் கேலி சாயங்கால மணியோடு கொஞ்சம் ஓயும். போனில் வருவது ராத்திரி படுக்கைக்கும் வரும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாததுதான் பெரிய வதை. மறுநாள் யாரோ எதற்கோ சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றும். தூக்கம் கெடும். பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி வரும். போன் ஒலித்தால் உடம்பு தூக்கிப்போடும். நாம் இதை வயசுக் கோளாறு என்று ஒதுக்கிவிடுகிறோம். வாரக்கணக்கில் நீடித்தால், பிடித்த விளையாட்டும் நண்பர்களும் வேண்டாம் என்றானால், அது வயசுக் கோளாறு அல்ல.

பிள்ளைகள் தாங்களாகவே சமாளிக்கப் பார்க்கிறார்கள். சிலர் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவார்கள். சிலர் அக்கவுண்டையே அழிப்பார்கள். சிலர் ஃபேக் ஐடி திறந்து திருப்பித் திட்டுவார்கள். அதோடு புகார் அவர்கள் மேலும் திரும்பும். வீட்டில் சொல்வது மட்டும் கடைசி. சொன்னால் போன் போய்விடும், அதோடு நண்பர்களும் வீட்டுப்பாடம் வரும் வாட்ஸ்அப் குழுவும் போய்விடும். பெண் பிள்ளைக்குப் படிப்பே நின்றுவிடுமோ என்ற பயம் வேறு. "நீ எதுக்கு போட்டோ போட்ட?" என்று கேட்கும் வீடு, கேலி செய்தவனின் வேலையை முடித்துக் கொடுக்கிறது. கடுமையாகச் சொல்வதாகத் தோன்றலாம்; இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. போனைப் பிடுங்க மாட்டோம் என்பதைப் பிரச்சினை வருவதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லி வைக்க வேண்டும்.

தெரியவந்ததும் எதையும் அழிக்காதீர்கள். தேதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அக்கவுண்டின் பெயரை நொடியில் மாற்றிவிடலாம் என்பதால் அதன் லிங்க்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளாக் செய்யலாம். ஆபாசமாக மார்ஃப் செய்த படம் என்றால் ஆதாரத்துக்காகக்கூட மாமாவுக்கோ டீச்சருக்கோ அனுப்பக் கூடாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் அத்தகைய படத்தைப் பரப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவில் குற்றம். முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை. போனில் இருப்பதைப் போலீசிடம் நேரில் காட்டினால் போதும். படத்தைக் காட்டி மிரட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடம் மறுபடியும் கேட்பார்கள்.

அந்தரங்கப் படத்தைப் பற்றிப் புகார் வந்தால் அதை நீக்க 24 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சமூக ஊடக நிறுவனங்களுக்கு 2021இல் விதி வந்தது. 'டேக் இட் டவுன்' என்ற இலவச இணையச் சேவையும் உண்டு. அதில் படத்தை அனுப்ப வேண்டியதில்லை. படத்திலிருந்து உருவாகும் ஓர் எண்குறியீடு மட்டுமே போகும், அதில் சேர்ந்துள்ள தளங்கள் அதைக் கொண்டு தேடி நீக்கும்.

'இணையக் கேலி' என்ற பெயரில் நம் நாட்டில் தனிச் சட்டப் பிரிவு கிடையாது. செயலைப் பொறுத்துப் பிரிவு மாறும். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி. பெண்ணை விடாமல் இணையத்தில் பின்தொடர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78. பாலியல் தொல்லை என்றால், குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம்; அது பையன்களுக்கும் பொருந்தும். போக்சோவில் பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரிதான் வாங்க வேண்டும். ஸ்டேஷன் வாசலை மிதிப்பதற்கே பயப்படும் பெற்றோருக்கு இது தெரிவதில்லை. அதே சட்டப்படி, விஷயம் தெரிந்த பள்ளி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். "ஸ்கூல் பேர் கெட்டுடும், நாமே பேசி முடிச்சுக்கலாம்" என்று சமரசம் பேசும் தலைமையாசிரியர் தண்டனைக்குரிய குற்றம் செய்கிறார்.

செய்தவரும் பெரும்பாலும் பிள்ளைதான். பதினெட்டு நிரம்பாதவர் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவார். அதற்குப் பயந்து செய்தவனின் வீட்டில் மூடி மறைத்தால், அவன் திருந்தும் வாய்ப்பையும் சேர்த்தே மறைக்கிறார்கள்.

புகாருக்கு மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. பெயர் சொல்லாமலும் பதியலாம். பணம் போயிருந்தால் உடனே 1930. குழந்தைகளுக்கு எந்த ஆபத்து என்றாலும் 1098.

மனசு உடைந்திருக்கும் பிள்ளைக்கு வழக்கு முடியும்வரை காத்திருக்க முடியாது. சாக வேண்டும்போல இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைக்க வேண்டாம்: தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது, பராமரிக்க வேண்டும் என்பதே 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் நிலை. மனநல உதவிக்கான அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.